மாடியில போட நல்ல கிறிஸ்துமஸ் படம் சொல்லுங்க: ஹாலிவுட்டைத் தாண்டி, எந்த நாட்டுப் படமானாலும் சரி

#1 கருங்கல்_வாசி

டிசம்பர் பொறந்தாச்சு. தெருவுல ஸ்டார் கட்டியாச்சு. பையன்மார் குடில் போட மூங்கிலும் ஓலையும் சேர்த்துட்டு இருக்கானுவ. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் எங்க வீட்டு மாடியில வெள்ளைத் துணியைத் திரையாக் கட்டி ராத்திரி படம் போடுறது வழக்கம். அண்ணன் தம்பி குடும்பம், பக்கத்து வீட்டு ஆட்கள், வளைகுடாவுல இருந்து லீவுக்கு வந்தவங்க, பாட்டிமார் எல்லாரும் வருவாவ. "ஹோம் அலோன்" 1990-ல வந்த படம். எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுல எந்தத் திருடன் எப்போ வழுக்கி விழுவான்னு வரிசையாத் தெரியும். இந்த வருசம் வேற நாட்டுப் படமா போடணும்.

எனக்கு ஒரே ஒரு எதிர்பார்ப்பு. பனி, மரம், சிவப்புச் சட்டைத் தாத்தா மூணையும் எடுத்துட்டாலும் அந்தக் கதை நிக்கணும். அந்த ஒரு நாள்ல மனுசனுக்கு மனுசன் என்ன செய்தான்னு காட்டணும்.

நானே தொடங்கி வைக்கிறேன். பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ்டியன் காரியோன் 2005-ல எடுத்த "ஜுவாயே நோயல்". முதல் உலகப் போர், 1914 கிறிஸ்துமஸ் ராத்திரி. ஒரு பக்கம் பிரெஞ்சு, ஸ்காட்லாந்துப் படைகள், எதிர்ப்பக்கம் ஜெர்மன் படை. ஜெர்மன் பதுங்குகுழிக்குள்ள இருந்து ஒருத்தன் பாடுறான், ஸ்காட்லாந்துக்காரங்க பேக்பைப் குழல் வாசிச்சு அந்தப் பாட்டோட சேர்றாங்க. கொஞ்ச நேரத்துல மூணு படையும் நடுவுல வந்து நிக்குது. ஸ்காட்லாந்துச் சாமியார் எல்லாருக்கும் சேர்த்து லத்தீன்ல பூசை வைக்கிறார். 1914-ல உண்மையாவே பல இடங்கள்ல இப்படிச் சுடாம நின்னிருக்காங்க.

இந்தப் படத்தை நான் தலையில தூக்கி வச்சுக்கிறதுக்குக் காரணம் சின்னச் சின்ன விசயங்கள். ஒரு பிரெஞ்சுப் படைவீரன் கையில அலாரம் கடிகாரம். தினமும் காலையில 10 மணிக்கு அடிக்கும். ஊர்ல அந்த நேரத்துக்குத்தான் அம்மாவோட உட்கார்ந்து காப்பி குடிப்பானாம். அந்த அம்மா வீடு ஜெர்மன்காரன் பிடிச்ச பகுதிக்குள்ள இருக்கு, நடந்து போற தூரம்தான், ஆனா போக முடியாது. ஒரு பூனை ரெண்டு பக்கமும் போய் வருது. ரெண்டு படையும் அதுக்கு வேற வேற பேரு வச்சிருக்கு. அந்த ராத்திரிக்குப் பிறகு மேலிடம் இவங்களை என்ன செய்யுதுங்கிறதையும் படம் மறைக்கல. சாமியாருக்கு அவரோட ஆயரே எதிரா நிப்பார்.

உங்க கையில என்ன இருக்கு, சொல்லுங்க.


#2 மார்த்தாண்டம்_மக்கா

அண்ணே, மாடியில பிள்ளைகளும் இருக்குலா. போர்ப் படத்துல தொடங்காதீங்க. "கிளாஸ்" போடுங்க. 2019, நெட்பிளிக்ஸ். ஸ்பெயின் நாட்டு செர்ஜியோ பாப்லோஸ் எடுத்தது, கையால வரைஞ்ச அனிமேசன். பிரிட்டனோட பாஃப்டா விருது வாங்கிச்சு, ஆஸ்கர் பரிந்துரைக்கும் போச்சு.

கதை இப்படி: வேலை செய்ய மனசில்லாத பணக்காரப் பையன் ஜெஸ்பரை அவன் அப்பா ஒரு குளிர்த் தீவுக்குத் தபால்காரனா அனுப்பி வைக்கிறார். ஒரு வருசத்துல 6000 கடிதம் போகணும், இல்லைன்னா சொத்து கிடையாது. ஆனா அந்த ஊர்ல ரெண்டு குடும்பத்துக்கும் தலைமுறை தலைமுறையாப் பகை, யாரும் யாருக்கும் கடிதம் எழுத மாட்டாங்க. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பினா எதிரி வீட்டுப் பிள்ளையோட உட்காரணுமேன்னு அனுப்புறதே இல்ல. அதனால டீச்சரம்மா பள்ளிக்கூடத்துக்குள்ளேயே மீன் வெட்டி வித்துட்டு இருக்கா! பொம்மை கேட்டுக் கடிதம் எழுதணும்னா எழுத்துத் தெரியணும்லா, அப்பத்தான் பிள்ளைகள் ஒண்ணொண்ணா அவளைத் தேடி வருதுவ. மீன் வித்துச் சேர்த்த காசை அவ என்ன செய்யுறாங்கிறதை நீங்களே பாருங்க. அந்த இடத்துல எங்க அம்மை சத்தமா அழுதா.

வடக்கு ஐரோப்பாவுல வாழுற 'சாமி'ங்கிற பழங்குடி மக்களோட பெண்பிள்ளை ஒருத்தி வருவா. அவ பேசுற மொழி நமக்குப் புரியாது, எழுத்தும் போட மாட்டாங்க. ஜெஸ்பருக்கும் புரியாது. ஆனா அவளுக்கு என்ன வேணும்னு நமக்கு நல்லாவே விளங்கும்.


#3 கோட்டாறு_டீச்சர்

கருங்கல் தம்பி கேட்டதற்கு நேர் பதில் என்னிடம் ஒன்று இருக்கிறது: ஸ்பெயின், 1961, லூயிஸ் கார்சியா பெர்லாங்கா இயக்கிய "பிளாசிடோ". கறுப்பு வெள்ளை. இதற்கு இணையாக இன்னொரு கிறிஸ்துமஸ் படத்தை நான் பார்த்ததில்லை.

பிராங்கோவின் சர்வாதிகாரக் காலம். ஒரு சிறு நகரத்தில் கிறிஸ்துமஸ் இரவுக்கு "உங்கள் மேசையில் ஓர் ஏழையை உட்கார வையுங்கள்" என்று இயக்கம் நடத்துகிறார்கள். பிரஷர் குக்கர் கம்பெனி விளம்பரதாரர். பணக்கார வீடுகள் ஏழைகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஊர்வலத்துக்கு வாடகைக்கு எடுக்கப்பட்டவன் பிளாசிடோ. அவனுடைய மூன்று சக்கர வண்டியின் மேல் பெரிய கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைக் கட்டிவிடுகிறார்கள். அந்த வண்டிக்கு முதல் டியூ கட்ட வேண்டிய நாள் அன்றுதான். நாள் முடிவதற்குள் பணத்தைக் கட்ட அவன் படாத பாடு படுகிறான். தருமம் செய்ய ஓடும் ஒருவருக்கும் இவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க நேரமில்லை. அவன் குடும்பத்துக்குப் பிழைப்பே பொதுக் கழிப்பறையில்தான். மனைவி அங்கே வேலை பார்க்கிறாள்.

நம் ஊரில் ஆட்டோ டியூ கட்டுகிற எந்தக் குடும்பமும் இந்தப் படத்தில் தன்னைப் பார்க்கும். ஒரு வீட்டில் விருந்துக்கு வந்த ஏழை சாகக் கிடக்கிறார். அவர் ஒரு பெண்ணோடு கல்யாணமாகாமல் வாழ்ந்தவர் என்று தெரிந்ததும் வீட்டுக்காரர்கள் பதறுகிறார்கள். அவர் உயிரைப் பற்றி அல்ல, சாவதற்குள் கல்யாணத்தை முடித்துவைப்பதைப் பற்றி! அந்தக் காட்சியில் ஒரே அறைக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், கேமரா நகர்ந்துகொண்டே இருக்கும். வகுப்பில் ஈகை அதிகாரம் நடத்தும்போதெல்லாம் எனக்கு இந்தப் படம்தான் மனதில் ஓடும்.


#4 மார்த்தாண்டம்_மக்கா

டீச்சர், சிரிப்புப் படமா, அழுகைப் படமா?


#5 கோட்டாறு_டீச்சர்

முழுக்கச் சிரிக்கலாம். ஆனால் படம் முடிந்த பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காரும்போது நெஞ்சில் தைக்கும். அந்த வருடம் ஆஸ்கரின் பிறமொழிப் படப் பரிந்துரையிலும் இருந்தது.


#6 வடசேரி_அண்ணாச்சி

எல்லாம் நல்லது. ஆனால் ஒரு கேள்வி கேட்கிறேன், யாரும் வருத்தப்படாதீர்கள். "கிளாஸ்" நானும் பேரப்பிள்ளைகளோடு பார்த்தேன். அதில் இயேசு பாலன் எங்கே? பெத்லகேம் எங்கே? பொம்மையும் கடிதமும் மட்டும்தான் கிறிஸ்துமஸ் என்று பிள்ளைகள் மனதில் பதியக் கூடாது. சின்ன வயதில் கோயில் முற்றத்தில் மணலில் உட்கார்ந்து "கருணாமூர்த்தி" பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 1978-ல் தெலுங்கில் விஜயசந்தர் இயேசுவாக நடித்து வந்து, பிறகு தமிழ் பேசிய படம் அது.

பிறப்பின் கதையையே சொல்லும் படம் வேண்டுமென்றால் "தி நேட்டிவிட்டி ஸ்டோரி", 2006. வத்திக்கானில் முதல் காட்சி போட்ட படம். மரியாளும் யோசேப்பும் நாசரேத்தில் இருந்து கிளம்பி வழியில் படும் பாட்டை நிதானமாகக் காட்டுவார்கள்.

கொஞ்சம் பொறுமை உள்ளவர்களுக்கு இத்தாலியின் பசோலினி 1964-ல் எடுத்த மத்தேயு நற்செய்திப் படம். எடுத்தவர் கம்யூனிஸ்ட், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். படத்தைத் திருத்தந்தை 23-ஆம் யோவானின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். தென் இத்தாலியின் ஏழை ஊர்களில், நடித்துப் பழக்கமில்லாத மனிதர்களை வைத்து எடுத்தார். முதல் காட்சியில் வசனமே இல்லை. கர்ப்பமாக நிற்கும் மரியாளின் முகம், எதிரே யோசேப்பின் முகம். அவர் ஒன்றும் கேட்காமல் திரும்பி நடந்துபோகிறார். அத்தனை வேதனையும் அந்த நடையில் தெரியும்.

பிள்ளைகளுக்கு என்றால் 1965-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த "சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்". அரை மணி நேரம் கூட வராது. கடைசியில் ஒரு சிறுவன் மேடையில் நின்று லூக்கா 2-ஆம் அதிகாரத்தில் 8 முதல் 14 வரை அப்படியே சொல்லுவான். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கூடவே சொல்லுவார்கள்.


#7 மார்த்தாண்டம்_மக்கா

அண்ணாச்சி, நீங்க சொல்லுறதை ஏத்துக்கிறேன், ஆனா பாதிதான். "கிளாஸ்"ல இயேசு பேரு வரல்ல, சரி. ரெண்டு வீட்டுப் பகை தீருது, பள்ளிக்கூடம் திறக்குது. அதைப் பார்த்துட்டு எங்க வீட்டுப் பிள்ளை, பேசாம இருந்த சித்தப்பா வீட்டுக்கு முந்திரிக்கொத்து கொண்டு போய்க் குடுத்துச்சு. நான் சொல்லிக் குடுக்கல்ல.


#8 வடசேரி_அண்ணாச்சி

அது பெரிய காரியம் தம்பி. பிள்ளையிடம் என் வாழ்த்தைச் சொல்லுங்கள். ரெண்டையும் போடச் சொல்லுவோம், சார்லி பிரவுன் முதலில்.


#9 தூத்தூர்_கரை

எங்க பக்கத்து ஆட்களுக்குன்னு ஒரு படம் இருக்கு. போலந்து, 2017, பியோத்ர் டோமலெவ்ஸ்கி எடுத்த "சிஹா நோத்ஸ்". அந்த வருசம் க்டினியா திரைப்பட விழாவுல தங்கச் சிங்கம் வாங்கின படம்.

வெளிநாட்டுல கூலி வேலை செய்யுற ஆதாம், கிறிஸ்துமஸ் அன்னைக்குக் கிராமத்துக்கு வர்றான். எல்லாருக்கும் சந்தோசம். அவன் மனசுல ஒரு கணக்கு: தாத்தாவோட வீட்டை வித்து அந்தப் பணத்துல தொழில் தொடங்கணும். அதை எப்படிக் குடும்பத்துக்கிட்ட சொல்லன்னு கையில கேமராவை வச்சு எல்லாரையும் படம் பிடிச்சுக்கிட்டே சுத்துறான். அப்பாவும் ஒரு காலத்துல வெளிநாட்டு வேலைக்குப் போனவர்தான். அப்பாவும் மகனும் ஒருத்தரை ஒருத்தர் கண்ணைப் பார்த்துப் பேச முடியாம நிக்கிற இடம் இருக்கு பாருங்க. பல வருசமா வீட்ல இல்லாதவன் திடீர்னு வந்து நின்னா வீடு அவனை எப்படிப் பார்க்கும்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஆழ்கடலுக்குப் போற குடும்பத்துக்கும் தெரியும், சவுதிக்குப் போன குடும்பத்துக்கும் தெரியும்.

போலந்துல கிறிஸ்துமஸ் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. வானத்துல முதல் நட்சத்திரம் தெரிஞ்ச பிறகுதான் உட்காருவாங்க. அப்பம் பிட்டு ஒருத்தருக்கொருத்தர் குடுப்பாங்க. மேசையில ஒரு தட்டு கூடுதலா வைப்பாங்க, எதிர்பாராம யாராவது வந்தா அவங்களுக்கு. அதைப் பார்த்த பிறகு எங்க வீட்லயும் அப்படி ஒரு தட்டு வைக்கிறோம். 2017 நவம்பர் 30, ஓகி புயல். அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்க கரையில ஸ்டார் கட்டாத வீடுகள்தான் அதிகம். கடலுக்குப் போனவங்க வருவாங்கன்னு காத்திருந்த நாட்கள் அது. அதனால வீட்டுக்கு வர்றவனைப் பத்தின படம்னா எங்களுக்கு அது வெறும் படம் இல்ல.

ஒண்ணு சொல்லிடுறேன்: குடி, சண்டை எல்லாம் வரும். பிள்ளைகள் தூங்கின பிறகு போடுங்க.


#10 கருங்கல்_வாசி

இதைப் படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுத ஓடல்ல. கட்டாயம் போடுறேன். எங்க சித்தப்பா குவைத்துல இருந்து இந்த வருசம்தான் மொத்தமா வந்திருக்காவ. பக்கத்துல உட்கார வச்சுப் பார்க்கணும்.


#11 முளகுமூடு_நர்ஸ்

நான் இப்போ அயர்லாந்துல. கிறிஸ்துமஸ் ராத்திரி எனக்கு டியூட்டி. எங்க ஊர் நர்ஸ்மார் இதைப் படிச்சா, அவங்களுக்காக ரெண்டு தொடர் சொல்லுறேன்.

பிபிசியோட "கால் தி மிட்வைஃப்". 1950-கள்ல லண்டன் கிழக்குப் பகுதியோட ஏழைத் தெருக்கள்ல சைக்கிள்ல போய்ப் பிரசவம் பார்த்த நர்ஸ்மாரும் கன்னியாஸ்திரிகளும்தான் கதை. 2012-ல இருந்து எல்லா கிறிஸ்துமஸுக்கும் ஒரு சிறப்புப் பாகம் வருது. அந்த முதல் வருசத்துப் பாகத்துல வீடில்லாத வயசான அம்மா ஒருத்தி வருவா. நாத்தம் தாங்காம எல்லாரும் ஒதுங்குவாங்க. பிள்ளைகளை ஏழைகள் விடுதியில பறிகொடுத்தவ அவ. நர்ஸ் அவ கிட்ட உட்கார்ந்து பொறுமையா அந்தக் கதையைக் கேட்டு வாங்குறதை, இந்த வேலை செய்யுறவங்க பார்த்தா புரியும். எங்களுக்கு மருந்து குடுக்குறது பாதி வேலை, கேக்குறது மீதி வேலை.

இன்னொண்ணு நார்வே, "யெம் டில் யூல்", 2019, நெட்பிளிக்ஸ். இதுலயும் நாயகி நர்ஸ், பேரு யொஹான்னே. வயசு முப்பது, கல்யாணம் ஆகல்ல. குடும்ப விருந்துல "எப்போ, எப்போ"ன்னு எல்லாரும் கேக்குறதால, எனக்கு ஆள் உண்டு, கிறிஸ்துமஸுக்குக் கூட்டிட்டு வருவேன்னு பொய் சொல்லிடுவா. 24 நாள்ல ஆள் தேடணும். லீவுக்கு ஊருக்கு வந்த எந்தப் பொண்ணுக்கும் அந்த விருந்து தெரிஞ்ச விருந்துதான். அக்காமார், மாமிமார் கேக்குற அதே கேள்வி. மாடியில போடுற தொடர் இல்ல இது, பெரியவங்க தனியாப் பாருங்க.

ஸ்வீடன், டென்மார்க், நார்வே நாடுகள்ல பிள்ளைகளுக்குன்னு டிசம்பர் 1 முதல் 24 வரை தினம் ஒரு பாகம் வர்ற கிறிஸ்துமஸ் தொடர் உண்டு. ஸ்வீடன் டிவியில 1960-லேயே தொடங்கியாச்சு. நம்ம ஊர்ல திருவருகைக் காலம் முழுக்கப் பிள்ளைகளுக்கு இப்படி ஒண்ணு யாராவது எடுத்தா எவ்வளவு நல்லா இருக்கும்!


#12 கப்பல்_வேலை

எங்க கப்பல்ல பிலிப்பைன்ஸ் ஆட்கள் நிறைய. செப்டம்பர்லேயே கிறிஸ்துமஸ் பாட்டு போட்டுடுவாங்க. டிசம்பர் 16 முதல் 24 வரை விடிய முந்தி ஒன்பது பூசை அவங்க ஊர்ல. மூங்கில்ல காகிதம் ஒட்டி ஸ்டார் செய்யுறது நம்மள மாதிரியே. மணிலாவுல டிசம்பர் 25-ல தொடங்குற திரைப்பட விழா நாட்கள்ல தியேட்டர்ல வெளிநாட்டுப் படமே ஓடாது, அவங்க நாட்டுப் படம்தான். குடும்பம் குடும்பமாப் போறாங்க.


#13 குளச்சல்_காரி

"டோக்கியோ காட்ஃபாதர்ஸ்" யாரும் சொல்லலியே! ஜப்பான், 2003, சடோஷி கோன். அனிமேசன்தான், ஆனா சின்னப் பிள்ளைகளுக்கு இல்ல.

தெருவுல வாழுற மூணு பேர்: குடிகாரர் கின், திருநங்கை ஹனா, வீட்டை விட்டு ஓடி வந்த பொண்ணு மியூகி. கிறிஸ்துமஸ் ராத்திரி குப்பைக்குள்ள ஒரு கைக்குழந்தை கிடைக்குது. போலீஸ்ல குடுக்க ஹனாவுக்கு மனசு வரல்ல. பெத்தவளை நேர்ல பார்த்து "ஏன் போட்டுட்டுப் போனே"ன்னு கேக்கணும்னு மூணு பேரும் கிளம்புறாங்க. பால் மாவுக்கும் தண்ணிக்கும் அலையுறதை அவ்வளவு நுணுக்கமா வரைஞ்சிருக்காங்க. சத்திரத்துல இடம் கிடைக்காத பிள்ளைக்கு, ஊர் ஒதுக்கின மூணு பேர் காவல் நிக்கிறாங்க. அண்ணாச்சி, பெத்லகேம் எங்கேன்னு கேட்டியளே, எனக்கு அது இந்தப் படத்துல தெரிஞ்சுது.

எங்க ஊர்ல கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சுனாமி நினைவுப் பூசை. 2004-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளும் மெழுகுவர்த்தி பிடிச்சு வருதுவ. அதனால எங்க வீட்ல ரொம்ப ஆட்டம் பாட்டமா இருக்கிற படத்தை 25-ந் தேதி ராத்திரி போட மாட்டோம். இது மாதிரிப் படம்தான் சரியா வரும்.


#14 வடசேரி_அண்ணாச்சி

மகளே, சொன்னது உள்ளே இறங்கிவிட்டது. பார்க்கிறேன்.

பழைய அமெரிக்கப் படம் ஒன்றை மட்டும் ஹாலிவுட் என்று தள்ளிவிடாதீர்கள்: "இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்", 1946, பிராங்க் காப்ரா. ஏழைகள் சொந்த வீடு கட்டக் கடன் கொடுக்கும் சின்ன நிறுவனத்தை நடத்துகிறவர் ஜார்ஜ். அதன் 8000 டாலர் தொலைந்து, கிறிஸ்துமஸ் இரவில் சாகத் துணிந்து பாலத்தில் நிற்கிறார். அவர் பிறக்காமலே இருந்திருந்தால் ஊர் என்ன ஆகியிருக்கும் என்று வானதூதர் காட்டுகிறார். வந்த புதிதில் வசூல் இல்லை. 1974-ல் பதிப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டதால் டிவி நிலையங்கள் வருடாவருடம் சும்மா போட்டன, அப்படித்தான் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது.


#15 கருங்கல்_வாசி

ஒரு சிக்கல். பாட்டிமாருக்கு சப்டைட்டில் வாசிக்க முடியாது. தமிழ்ல ஏதாவது உண்டா? விஜய் சேதுபதி நடிச்ச "மெர்ரி கிறிஸ்துமஸ்" (2024) இந்தி, தமிழ் ரெண்டுலயும் தனித்தனியா எடுத்தாங்க, நல்ல படம்தான். ஆனா பம்பாயில நடக்குற கொலைக் கதை. நம்ம குடில், கேரல் குழு, நடுராத்திரிப் பூசை, விடியக்காலை ஆட்டுக்கறி வாசம் எல்லாம் வர்ற ஒரு குமரி மாவட்டத்துக் கிறிஸ்துமஸ் படம் என் கண்ணுல இதுவரை பட்டதில்ல. இங்க படம் எடுக்க ஆசைப்படுற பையன்மார் எத்தனை பேர் இருக்காவ, யாராவது எழுதுங்கப்பா.


#16 முளகுமூடு_நர்ஸ்

சப்டைட்டிலுக்கு வழி இருக்கு. 1973-ல செக்கோஸ்லோவாக்கியாவும் கிழக்கு ஜெர்மனியும் சேர்ந்து எடுத்த சிண்ட்ரெல்லா படம் ஒண்ணு, மூணு கொட்டையில இருந்து அவளுக்கு உடுப்பு கிடைக்கும். செக் நாட்லயும் ஜெர்மனியிலயும் நார்வேயிலயும் கிறிஸ்துமஸ்னா இந்தப் படம்தான். குதிரை ஓட்டி, வில் விட்டு, இளவரசனையே திணற அடிக்கிற சிண்ட்ரெல்லா, பெண்பிள்ளைகளுக்குக் கண்டிப்பாப் போடுங்க. நார்வேயில க்னுட் ரிசான்னு ஒரே ஒரு நடிகர் எல்லாப் பாத்திரத்துக்கும் குரல் குடுத்தார், சிண்ட்ரெல்லாவுக்கும் அவர்தான், சித்திக்கும் அவர்தான். அந்தக் குரல் இல்லாம அங்க உள்ளவங்களுக்குக் கிறிஸ்துமஸே இல்ல. அதே மாதிரி மைக் பிடிச்சு ஒருத்தர் தமிழ்ல சொல்லிட்டே வந்தா போதும்.


#17 கோட்டாறு_டீச்சர்

மிக நல்ல யோசனை. "பிளாசிடோ"வுக்கு நானே சொல்கிறேன், ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிற படம், இரண்டு பேர் வேண்டும். வசனத்தை முன்கூட்டித் தமிழில் எழுதி வைத்துவிடுவேன். மக்கா, "கிளாஸ்" உங்கள் பொறுப்பு.


#18 மார்த்தாண்டம்_மக்கா

நான் ரெடி டீச்சர். ஸ்பீக்கரும் மைக்கும் நம்ம கேரல் குழுவுல இருக்கு, கொண்டு வாறேன்.


#19 தூத்தூர்_கரை

கருங்கல் அண்ணே, எங்க போட்டு 22-ந் தேதிக்குள்ள கரை சேர்ந்துரும்னு சொல்லியிருக்காவ. போலந்துப் படத்தை 23-ந் தேதி ராத்திரிக்கு வைங்க, தம்பியையும் கூட்டிட்டு வாறேன். 24 வேண்டாம். அன்னைக்கு எல்லாரும் பூசைக்குக் கிளம்புவாவ, பாதியில எழும்பிப் போற படமில்ல அது.